தம்ளரை அண்டாவாக்கும் கருவி: சாம்ப்ளர் சிந்தசைசருக்கு ஓர் எளிய அறிமுகம்

சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை மூன்று விரல் நுனிகளில் நிறுத்தி, விளிம்பில் ஸ்பூனால் லேசாகத் தட்டுங்கள். 'டிங்'. இன்னொரு முறை தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். அந்த ஒரு 'டிங்'குக்குள் இரண்டு பகுதிகள் இருப்பது தெரியும். முதலில் ஸ்பூன் உலோகத்தில் மோதும் 'டக்'. இமை மூடித் திறப்பதற்குள் அது முடிந்துவிடும். அதன் பின்னாலேயே நீளமாக, மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் ரீங்காரம். தினமும் கேட்கிற ஒலிதான். ஆனால் இதை இரண்டாகப் பிரித்துக் கேட்க நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பதிந்த ஒலியை எடுத்து விதவிதமாக ஒலிக்க வைக்கும் சாம்ப்ளர் சிந்தசைசர் என்ற மென்பொருளின் வேலையே இப்படிப் பிரித்துக் கேட்க வைப்பதுதான் என்பது என் எண்ணம். மெட்டுப் போடத் தெரியாதவர்களும் கீபோர்டில் கை வைத்தே பழகாதவர்களும் இதில் மணிக்கணக்காக விளையாடலாம். குறும்படத்துக்கு ஒலி சேர்ப்பவர்கள், விளையாட்டுச் செயலிகள் செய்பவர்கள், ஒலிச்சித்திரம் உருவாக்குபவர்கள் எல்லாருக்கும் இது கைக்கருவி. ஒலிகளை வடிவமைக்கும் கலையைச் சவுண்ட் டிசைன் என்று சொல்கிறோமே, அதற்குள் நுழைய இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை. கட்டுரை முழுக்க இந்தத் தம்ளரையே வைத்துக்கொண்டு போவோம்.

சாதாரண சிந்தசைசர் வெறுமையிலிருந்து ஒலியை உண்டாக்குகிறது. ஒரு மின் அலையை எடுத்து, அதைச் செதுக்கி, இன்னொன்றோடு கலந்து ஓர் ஒலியைக் கட்டுகிறது. அருமையான கலைதான். ஆனால் புதிதாக வருபவருக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்தத் திருகைத் திருப்பினால் என்ன ஆகும் என்று காதுக்கு முன்கூட்டித் தெரியாது. தொடங்கிய ஒலியே அந்நியமாக இருக்கும். சாம்ப்ளர் அப்படியில்லை. அது ஒரு பதிவிலிருந்து தொடங்குகிறது. உங்கள் தம்ளர், உங்கள் வீட்டுக் கதவு, உங்கள் குரல். அசல் எப்படி இருக்கும் என்று காதுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், எதை மாற்றினாலும் 'ஓ, இதுதான் மாறியது' என்று உடனே பிடிபட்டுவிடும்.

சரி, பதிவு என்றால் கணினிக்கு என்ன? ஓர் எண் வரிசை, அவ்வளவுதான். சிடி தரத்தில் பதிவு செய்தால் ஒவ்வொரு நொடிக்கும் 44,100 எண்கள். காற்று அந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்தத்தோடு மைக்கைத் தள்ளியது என்பதை ஒவ்வோர் எண்ணும் குறித்து வைத்திருக்கும். இரண்டு நொடி ரீங்காரம் என்றால் 88,200 எண்கள். பாட்டு கேட்கும் செயலி இந்த வரிசையை முதலிலிருந்து கடைசி வரை, பதிந்த அதே வேகத்தில் படிக்கிறது. சாம்ப்ளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடுவிலிருந்து படிக்கத் தொடங்கலாம். பாதி வேகத்தில் படிக்கலாம். பின்னாலிருந்து முன்னால் வரலாம். ஓரிடம் வரை போய்விட்டுத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றலாம். ஒரே பதிவை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்பதுதான் சாம்ப்ளர். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

வேகம் குறைந்தால் பொருள் பெரிதாகும்

முதலில் வேகம். தம்ளர் பதிவைச் சாம்ப்ளரில் போட்டதும், அது கீபோர்டின் நடுக்கட்டை ஒன்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டையை அமுக்கினால் அசல் வேகம். ஒரு கட்டை மேலே போனால் வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். இப்படிப் பன்னிரண்டு கட்டை ஏறினால், அதாவது ஸ்வரஸ்தானங்கள் பன்னிரண்டையும் கடந்து மேல் ஷட்ஜத்துக்கு வந்தால், வேகம் சரியாக இரு மடங்கு. ரீங்காரம் இரண்டு நொடி நீண்டது என்றால் அங்கே ஒரே நொடியில் முடிந்துவிடும். கீழே இறங்கினால் இதற்கு நேர்மாறு. ஒரு ஸ்தாயி, அதாவது பன்னிரண்டு கட்டை, கீழே போனால் பாதி வேகம், நான்கு நொடி நீளம். இரண்டு ஸ்தாயி கீழே கால் வேகம், எட்டு நொடி.

அந்த இரண்டு ஸ்தாயி இறங்கிய ஒலியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். தம்ளர் இருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் வைக்கிற பெரிய அண்டாவை யாரோ தட்டியது போல இருக்கும். இது வெறும் கற்பனை இல்லை, இதன் பின்னால் இயற்பியல் இருக்கிறது. ஒரே உலோகத்தில், ஒரே வடிவத்தில், உயரம், அகலம், தகட்டின் தடிமன் எல்லாவற்றையும் நான்கு மடங்காக்கி ஒரு பாத்திரம் செய்தால், அது அதிரும் வேகம் எல்லா நிலையிலும் நான்கில் ஒரு பங்காகிவிடும். கால் வேகத்தில் படிக்கும்போது கணினி செய்வதும் அதே கணக்குத்தான். பன்னிரண்டு சென்டிமீட்டர் தம்ளர், காதுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் அண்டாவாகக் கேட்கிறது. பெரிய பொருள் மெதுவாக அதிரும் என்பதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே காது கற்று வைத்திருக்கிறது. அந்த அறிவைத்தான் நாம் இங்கே பயன்படுத்துகிறோம்.

திரைப்பட ஒலிக்கலைஞர்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் அந்தப் பெரிய டைனோசரின் கர்ஜனையை உருவாக்கிய கேரி ரைட்ஸ்ட்ராம், வளர்ந்த யானையைத் தேடிப் போகவில்லை. ஒரு குட்டி யானையின் பிளிறலைத்தான் அதற்கு அடிப்படையாக வைத்தார். வேகத்தைக் குறைத்து, வேறு விலங்குகளின் குரல்களையும் சேர்த்தார். குட்டியின் குரலில் இருந்த கூர்மை அப்படியே இருக்க, உருவம் மட்டும் பூதாகாரமானது.

இதையே எதிர்த்திசையில் உங்கள் குரலுக்குச் செய்து பாருங்கள். மேல் ஸ்தாயியில் குரல் ஏறுவதோடு நிற்காது. உங்கள் தொண்டையும் வாயும் சுருங்கி ஒரு குட்டிப் பிராணியாகவே நீங்கள் மாறியது போலிருக்கும். குரலின் குணம் தொண்டைக்குழியின் அளவில் இருக்கிறது என்பதை இந்த ஒரு சோதனையிலேயே புரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகத்தைக் குறைக்கக் குறைக்க ஒலி கொஞ்சம் மந்தமாகும், போர்வை போர்த்தியது போல. காரணம் எளிது. நொடிக்கு 44,100 எண்கள் கொண்ட பதிவில் 22,050 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 22,050 முறை, வரைதான் அதிர்வுகள் அடங்கும். கால் வேகத்தில் அந்த உச்சி 5,500 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும், அதற்கு மேலே வெறுமை. அதனால்தான் ஒலிக்கலைஞர்கள் இத்தகைய வேலைக்கென்றே நொடிக்கு 96,000 அல்லது 1,92,000 எண்கள் என்று பதிகிறார்கள். மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வுகளையும் பிடிக்கும் மைக் இருந்தால், மெதுவாக்கும்போது அவை கேட்கும் எல்லைக்குள் இறங்கி வரும். தொடங்குபவருக்கு இது தேவையில்லை. அந்த மந்தத்தன்மையே பல சமயம் அழகாக இருக்கும்.

'டக்'கை வெட்டினால் என்ன ஆகும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சாம்ப்ளரின் திரையில் உங்கள் தம்ளரின் ஒலியலை ஒரு படமாகத் தெரியும். இடது ஓரத்தில் செங்குத்தான ஒரு முள். அதுதான் 'டக்'. அதற்குப் பின் வலப்பக்கம் வரை ஒடுங்கிக்கொண்டே போகும் வால், ரீங்காரம். படத்தின் மேல் ஒரு சிறு கொடி போல 'தொடக்கம்' என்ற குறி இருக்கும். அதைப் பிடித்து, முள்ளைத் தாண்டி வாலுக்குள் நகர்த்துங்கள். இப்போது கட்டையை அமுக்குங்கள்.

தம்ளர் போய்விட்டது. எங்கிருந்தோ ஒரு குழல் ஊதுவது போல, கண்ணாடி பாடுவது போல ஒன்று வருகிறது. நான் முதல் முறை இதைச் செய்தபோது, தவறான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று குறியைத் திரும்ப இடது பக்கம் இழுத்துப் பார்த்தேன். தம்ளர் வந்தது. மறுபடி வலது பக்கம் தள்ளினேன். போய்விட்டது. அன்று மாலை முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஓர் ஒலி எதிலிருந்து வருகிறது என்பதைக் காது பெரும்பாலும் அதன் முதல் சில மில்லிநொடிகளிலிருந்து கண்டுபிடிக்கிறது. தட்டியதா, மீட்டியதா, ஊதியதா என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் பியானோவைக்கூட அடையாளம் காணத் தடுமாறுவோம். பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியர் ஷெஃபர் 1948இல் இதைக் கண்டுகொண்டார். அப்போது அவரிடம் நாடாப்பதிவுக் கருவிகூட இல்லை, இசைத்தட்டில்தான் வேலை. மணியை அடித்த பிறகு, அடியின் ஒலி பதியாதபடி, அதன் அதிர்வை மட்டும் பதிந்து கேட்டார். அது மணியாகவே இல்லை. இசைத்தட்டின் கோடு ஒரே வட்டமாக மூடிக்கொண்டு, ஒரு சிறு ஒலி திரும்பத் திரும்ப வருவதையும் அவர் ஓர் உத்தியாக எடுத்துக்கொண்டார். ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின் ஒலிகளைப் பதிந்து, அவற்றிலிருந்தே ஓர் இசையைக் கட்டினார். இன்று திரையில் நாம் இழுக்கும் தொடக்கக் குறியும் சுழற்சிக் குறியும் அந்த வெட்டிய மணிக்கும் அந்த மூடிய வட்டத்துக்கும் வாரிசுகள்.

இன்னொரு கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. லண்டனில் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்று ஒரு பிரிவு 1958இல் தொடங்கியது. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இதுவரை கேட்டிராத ஒலிகளைச் செய்து தருவது அதன் வேலை. 1960களில் அங்கே இருந்த டெலியா டெர்பிஷயர், அலுவலகத்தில் கிடந்த பழைய பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்றின் மேல் உயிராக இருந்தார். அதைத் தட்டினால் வரும் ரீங்காரம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு ஒலி வேண்டியிருந்தபோது அந்த மூடியைத்தான் எடுத்தார். தட்டிப் பதிந்து, 'டக்'கை நீக்கி, ரீங்காரத்தை மட்டும் மெல்ல எழுப்பினார். பிறகு அந்த ரீங்காரத்துக்குள் இருந்த வலுவான பன்னிரண்டு அதிர்வுகளைக் கணக்கிட்டுப் பிரித்து, பன்னிரண்டு மின் அலைக்கருவிகளில் மறுபடி உருவாக்கினார். ஒட்டகங்கள் மணலில் நடந்து போகும் காட்சிக்குக் கீழே ஒலித்தது ஒரு விளக்கு மூடி! அவர் நாடாவில் செய்த முதல் படியை நாம் ஒரு குறியை நகர்த்திச் செய்துவிடுகிறோம். அவருடைய காது மட்டும்தான் நாமாக வளர்த்துக்கொள்ள வேண்டியது.

தொடக்கத்தை வெட்டியதும் அடுத்து வருவது என்வலப். ஒலி எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும், எழுந்தபின் எவ்வளவு தணிய வேண்டும், கட்டையை அமுக்கியிருக்கும் வரை எந்த அளவில் நிற்க வேண்டும், விட்டபின் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்ற நான்கையும் அது தீர்மானிக்கிறது. அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று பெரும்பாலான சாம்ப்ளர்களில் இவை இருக்கும். இப்போதைக்கு முதலாவதையும் கடைசியையும் மட்டும் தொடுங்கள். அட்டாக்கை ஒரு நொடிக்கு நீட்டினால் வெட்டிய தம்ளர் வில் போட்டு இழுத்த தந்தி போல எழும். ரிலீஸை நீட்டினால் கையை எடுத்த பிறகும் அறையில் தங்கும்.

காது எண்ணுவதை நிறுத்தும் இடம்

ரீங்காரம் இரண்டு நொடிதான். கட்டையை அமுக்கிக்கொண்டே இருந்தால் அது தீர்ந்துவிடும். கணினிக்கு முந்தைய காலத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யத் தொடங்கிய மெலோட்ரான் என்ற கருவியின் முதல் வடிவத்தில் இரண்டு கீபோர்டுகள், ஒவ்வொன்றிலும் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு தனி ஒலிநாடா. அமுக்கினால் அந்த நாடா ஓடும், ஏறத்தாழ எட்டு நொடியில் முடிந்துவிடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். வாசிப்பவர் அந்த எட்டு நொடிக்குள் தன் இசையை அடக்கப் பழகிக்கொண்டார். 1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் கொண்டுவந்த ஃபேர்லைட் எண்களாகப் பதியும் கருவி. திரையில் ஒளிப்பேனாவால் அலையைத் தொட்டு வரையலாம். ஆனால் அதன் முதல் வடிவத்தில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒலிகளில் ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம்தான். நல்ல தரத்தில் பதிந்தால் ஒரு நொடிகூட நிரம்பாது. அவ்வளவு சின்ன ஒலியை வைத்து நீளமாக வாசிக்க ஒரே வழி, அதன் ஒரு துண்டைச் சுழல விடுவது. அதுதான் லூப்.

தம்ளரின் வாலில், ஓரளவு சீராக இருக்கும் ஒரு பகுதியைத் தேர்ந்து லூப் குறிகளை இருபுறமும் வையுங்கள். ஒலி முடிவில்லாமல் நீளும். அநேகமாக ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். துண்டின் கடைசி எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் இடையே உள்ள தாவலின் ஒலி அது. இரண்டு குறிகளையும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடங்களில் வைத்தால் குறையும். கிராஸ்ஃபேட் என்ற வசதி இருந்தால் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். முடிவும் தொடக்கமும் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து தையல் மறைந்துவிடும்.

இப்போது லூப்பின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அரை நொடியில் அது ஒரு தாளம். பத்தில் ஒரு நொடியில், நொடிக்குப் பத்து முறை, படபடவென்று ஒரு நடுக்கம். இன்னும் சுருக்குங்கள். நொடிக்கு இருபது முறையைத் தாண்டும் இடத்தில் காது எண்ணுவதை விட்டுவிடும். அடிகள் ஒன்றோடொன்று உருகி ஒரு சுருதியாகும். நூறில் ஒரு நொடி நீள லூப் என்றால் 100 ஹெர்ட்ஸில் ஒரு கனத்த முனகல். இருநூறில் ஒன்று என்றால் 200 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே. தம்ளர் தந்த சுருதி இல்லை இது. நீங்கள் வெட்டிய துண்டின் நீளம் தந்த சுருதி. தாளமும் சுருதியும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், விரலால் இழுத்துக் கேட்பதற்கும் எவ்வளவோ தூரம். வெறும் பதிவை ஒலிக்கவிடும் கருவி சிந்தசைசராக மாறுவதும் இந்த இடத்தில்தான்.

துகள்கள்

லூப்பில் ஒரு துண்டு. அதற்குப் பதிலாக, பதிவு முழுவதையும் நூற்றுக்கணக்கான துளிகளாகப் பார்த்தால்? ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய இயற்பியலாளர் டென்னிஸ் காபோர், எந்த ஒலியையும் மிகச் சிறிய ஒலித்துகள்களின் கூட்டமாகப் பார்க்கலாம் என்று 1947இல் எழுதினார். ஹாலோகிராஃபிக்காகப் பின்னாளில், 1971இல், நோபல் பரிசு பெற்ற அதே காபோர்தான். அந்தக் கருத்தை இசையமைப்பாளர் யானிஸ் ஜெனாகிஸ் 1950களின் இறுதியில் நாடாக்களை வெட்டி இசையாக்கிப் பார்த்தார். 1974இல் கர்ட்டிஸ் ரோட்ஸ் அதைக் கணினியில் செய்தார். 1986இல் பாரி ட்ரூவாக்ஸ், வாசிக்கும்போதே துகள்கள் பிறக்கும்படி செய்தார். இன்று கிரானுலர், அதாவது துகள்முறை, என்று பெயர் போட்டு வரும் எல்லாச் செயலிகளும் இந்த வழியில் வந்தவைதான்.

ஒரு துகள் என்பது பெரும்பாலும் 1 முதல் 100 மில்லிநொடி வரை நீளம். ஒவ்வொன்றும் மெல்லத் தொடங்கி மெல்ல முடியும்படி இரு முனைகளும் மழுக்கப்பட்டிருக்கும், அதனால் 'டிக்' கேட்காது. செயலி நொடிக்குப் பல பத்துத் துகள்களைப் பதிவின் ஒரு புள்ளியிலிருந்து அள்ளித் தூவுகிறது. எந்தப் புள்ளி என்பதை ஒரு ஸ்லைடர் சொல்கிறது. ஸ்லைடரை நகர்த்தாமல் வைத்தால் காலம் அங்கேயே உறைந்து நிற்கும். சுருதி மாறாது, ஒலி மட்டும் நீண்டுகொண்டே இருக்கும். வேகத்தையும் சுருதியையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்த முடிச்சு இங்கே அவிழ்ந்துவிடுகிறது.

இதற்குத் தம்ளரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, 'ஐயோ' என்று நீட்டிச் சொல்லிப் பதியுங்கள். நாம் ஒரு மூச்சில் சொல்லிவிடும் சொல். அதற்குள் 'அ' இருக்கிறது, அது 'இ' பக்கம் சாய்கிறது, பிறகு வாய் குவிந்து 'ஓ' ஆகிறது. கிரானுலர் செயலியில் போட்டு ஸ்லைடரை மிக மெதுவாக நகர்த்துங்கள். ஒரு கூட்டமே சேர்ந்து பாடுவது போல 'அ' நிற்கும், நாக்கு மேலே எழுவது கேட்கும், உதடு குவிவது கேட்கும். நம் வாய் இத்தனை வேலை செய்கிறதா என்று வியப்பாக இருக்கும். அப்புறம், துகள்கள் எடுக்கும் இடத்தைக் கொஞ்சம் சிதற விடும் திருகு ஒன்று இருக்கும். பல செயலிகளில் அதற்கு ஸ்ப்ரே என்று பெயர். அதைக் கூட்டினால் சொல் மேகமாகிவிடும்.

ஐபேடில் பார்டர்லேண்ட்ஸ் என்ற செயலி இதை அப்படியே ஓவியமாக்கிவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கார்ல்சன் உருவாக்கியது. ஒலிப்பதிவுகள் திரையில் செவ்வகங்களாகக் கிடக்கும். அவற்றின் மேல் ஒரு துகள் மேகத்தை வைத்து விரலால் இழுத்தால், மேகம் எதைத் தொடுகிறதோ அது ஒலிக்கும். எண்ணும் இல்லை, கட்டையும் இல்லை. ஐசோடோப் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஐரிஸ் வேறொரு விதம். ஒலியின் நிறமாலையை, அதாவது அதற்குள் இருக்கும் அதிர்வுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கி, படமாகக் காட்டி, புகைப்பட மென்பொருளில் செய்வது போல வேண்டிய பகுதியைத் தூரிகையாலோ சுருக்குக் கயிற்றாலோ வளைக்கச் சொன்னது. வளைத்தது மட்டும் ஒலிக்கும். தம்ளரின் ரீங்காரத்தில் மேலே கிடக்கும் ஒரே ஒரு மெல்லிய கோட்டைத் தனியாக எடுத்து வாசிக்கலாம். டெலியா கணக்குப் போட்டுப் பிரித்ததை இங்கே கண்ணால் பார்த்துப் பிரிக்கிறோம்.

எதில் தொடங்குவது

நூற்றுக்கணக்கான ஜிபி ஒலிநூலகங்களோடு வரும் பெரிய மென்பொருள்களை முதலிலேயே வாங்க வேண்டாம் என்பேன். அவை வல்லவை. ஆனால் யாரோ செய்து முடித்த ஒலிகளைப் புரட்டிக்கொண்டே இருப்போம், நம் காது சும்மா இருந்துவிடும். ஒலியலையைப் பெரிதாகக் காட்டுகிற, குறிகளைக் கையால் இழுக்க விடுகிற எதுவும் போதும்.

கைப்பேசியில் கோலா சாம்ப்ளர் நல்ல தொடக்கம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. மைக்கிலிருந்து நேரே ஒரு கட்டத்தில் பதிந்து, அந்தக் கட்டத்தைத் தட்டினால் ஒலிக்கும். கீபோர்டாக விரித்தும் வாசிக்கலாம். குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்காது. கணினியில் ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே சிம்ப்ளர் இருக்கிறது. இலவசமாக வேண்டும் என்றால் ஆடாசிட்டி. அது சாம்ப்ளர் இல்லை, பதிந்து வெட்டும் மென்பொருள். ஆனால் வேகம் மாற்ற, பின்னோக்கித் திருப்ப, 'டக்'கை வெட்ட அதுவே போதும். அதில் பால்ஸ்ட்ரெச் என்று ஒரு வசதி உண்டு. இரண்டு நொடி ரீங்காரத்தை ஐம்பது மடங்கு இழுத்துப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரு பெரிய மண்டபம் மூச்சு விடுவது போல ஒலிக்கும். டீசன்ட் சாம்ப்ளர் என்ற இலவச மென்பொருளுக்கு, உலகெங்கும் பலர் தங்கள் வீட்டுப் பியானோவையும் பழைய கருவிகளையும் பதிந்து பகிர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் எப்படிப் பதிந்தார்கள் என்று கேட்கவே அது உதவும்.

ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர் பெரும்பாலானவற்றில் இருக்கும். அடுத்த அறையில் ஓடும் டிவி சுவருக்கு அப்பால் எப்படி மங்கிக் கேட்கிறதோ, லோ பாஸ் ஃபில்டர் செய்வது அதுதான். ஒரு பயன் மட்டும் சொல்கிறேன். எந்தப் பொருளையும் மெதுவாகத் தட்டினால் சத்தம் குறைவதோடு கூர்மையும் குறையும். எனவே கட்டையை எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பதை ஃபில்டரோடு இணைத்துவிடுங்கள். மெதுவாக அடித்தால் மங்கலாக, பலமாக அடித்தால் பளிச்சென்று ஒலிக்கும். பதிவு உயிர் பெற்றுவிடும். அதேபோல, மிருதங்கக்காரர் ஒரே அடியை இரண்டு முறை அச்சு அசலாக அடிப்பதில்லை. தொடக்கக் குறியை ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தற்செயலாக நகரும்படி அமைத்தால் இயந்திரத்தனம் போய்விடும்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ரீங்காரத்தை நீட்டும்போது அதற்கடியில் இருக்கும் விசிறிச் சத்தமும் சேர்ந்துதான் நீளும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். அளவுமானி சிவப்பைத் தொட வேண்டாம்; ஒலியலையின் முள் நசுங்கிப் பதிந்துவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது. தட்டிய பின் ஒலி முழுவதும் அடங்கும் வரை அசையாமல் காத்திருங்கள், அந்தக் கடைசி வால்தான் நமக்குத் தங்கம். யாருடைய பாட்டிலிருந்தும் வெட்டி எடுக்காமல் நாமே பதிந்தது என்பதால் உரிமை பற்றிய கவலையும் இல்லை.

கடைசியாகத் தம்ளருக்குத் திரும்புவோம். வெறுமையாக ஒரு முறை, பாதி தண்ணீர் ஊற்றி ஒரு முறை, முக்கால் ஊற்றி ஒரு முறை தட்டிப் பதியுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்கும். ஜலதரங்கக் கலைஞர்கள் கிண்ணங்களுக்குச் சுருதி சேர்ப்பது இப்படித்தான். இப்போது வெறும் தம்ளரின் பதிவைச் சாம்ப்ளரில் மெதுவாக்கி, முக்கால் தம்ளரின் சுருதிக்குக் கொண்டு வாருங்கள். இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். சுருதி ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பாத்திரம் பெரிதாகியிருக்கும், மற்றதில் அதே பாத்திரம் கனத்திருக்கும்.